எட்டில் ஒன்று

குட்டி யானை வண்டியில் அச்சு பிரஸ் வந்து இறங்கியபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். காலடிப்பேட்டையின் அந்தச் சந்துக்குள் அதைவிடப் பெரிய வண்டி எதுவும் நுழையாது. அதைச் செய்துகொடுத்த லேத்துப் பட்டறை நெல்சன் வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, கையை ஆட்டி ஆட்டி வழி சொல்லிக்கொண்டு வந்தான். மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் என்ன மிஷின் என்று எட்டிப் பார்த்தார்கள். கரும்பு ஜூஸ் மிஷின் என்று யாரோ சொல்லிவிட, சந்து முழுக்க அதையே நம்பிவிட்டது. செங்கொடி திருத்தவில்லை. மேலும் கீழுமாக இரண்டு இரும்பு உருளை, நடுவில் நகரும் ஒரு தட்டு, பக்கத்தில் சுற்றுவதற்குப் பெரிய சக்கரம். பார்த்தால் கரும்பு மிஷின்தான்.

செங்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். ஓவியக் கல்லூரியில் ஆறு வருடம் அச்சு ஓவியம் படித்தாள். மரப்பலகையில் உளியால் படத்தைச் செதுக்கி, மை தடவி, மேலே ஈரக் காகிதத்தை வைத்து, உருளைகளுக்கு நடுவே ஓட்டி எடுக்கிற வேலை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் டிராயிங் வாத்தியாராகிவிட்டார்கள், மீதிப் பேர் கல்யாண மேடை ஜோடிக்கிறார்கள். இவள் மட்டும் பிடிவாதமாக, யார் யாருடைய பிரஸ்ஸிலோ இரவல் நேரத்தில் வேலை செய்து எட்டு வருடம் ஓட்டியிருந்தாள். இப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் பட்டிருந்தது. நகரத்தின் தெற்கில் கேலரி நடத்தும் கௌசர் என்கிற அம்மாள் இவளுடைய பிரிண்டுகளைப் பார்த்துவிட்டு, டிசம்பரில் தனிக் கண்காட்சி வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். மூடிப்போன ஆலைகளில் வேலை செய்தவர்களின் முகங்கள், அதுதான் கண்காட்சி. அதற்காகத்தான் சொந்தமாக ஒரு பிரஸ், அதற்காகத்தான் முன்பு வலை அடுக்கிவைத்திருந்த இந்த ஷெட்.

"உருளைய தொட்டுப் பாரு கொடி," என்றான் நெல்சன். "மணலி பக்கம் ஒரு ரப்பர் கம்பெனி மூட்னாங்கல்ல, அங்க இருந்து ஸ்கிராப்ல வந்தது. சும்மா கண்ணாடி மாரி கீது."

தொட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் வெயிலில் வந்த இரும்பு, கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. நல்ல இரும்பு அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ரப்பர் கம்பெனியில் வேலை செய்தவர் யாரையாவது தெரியுமா என்று அவள்தான் கேட்டாள். நெல்சன் கொஞ்சம் யோசித்தான், கையைத் துடைத்துக்கொண்டான், பிறகு ராயபுரத்தில் கஸ்பார் என்று ஒருத்தர் இருந்ததாகவும், அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, சம்சாரம் இருக்கிறார் என்றும் சொன்னான். அந்த யோசனைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு அவள் கேட்டிருக்கலாம்.

கஸ்பாரின் மனைவி ஃப்ளோரன்ஸ், மாதா கோயிலுக்குப் பின்புறம் ஒற்றை அறையும் சமையற்கட்டும் மட்டுமிருந்த போர்ஷனில் தனியாக இருந்தார். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுப்பது தொழில். அறை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்மணி. முதல் சந்திப்பிலேயே செங்கொடிக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டுவிட்டுக் கதையைச் சொன்னார். பதினாலு வருடத்துக்கு முன்னால், ரப்பரைத் தட்டையாக்குகிற உருளையில் கஸ்பாரின் வலது கை முழங்கை வரை போய்விட்டது. ஆள் பிழைத்தார். ஆனால் அதற்கப்புறம் பதினோரு வருடம், தன் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"பீச்சாங்கையால சோத்தத் தொட மாட்டேன்னுட்டாரு. இன்னா சொல்லியும் கேக்கல. சாவுற வரைக்கும் நான்தான் ஊட்னேன்."

சொல்லும்போது அவர் அழவில்லை. அந்த இடது கையின் மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம் இருந்தது. தினமும் மத்தியானம் தையலை நிறுத்திவிட்டுக் கண்ணசரும்போது, கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத்தான் தலையில் வைப்பாராம். இப்போதும் வைக்கிறார் என்றார் ஃப்ளோரன்ஸ், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாக. கண்ணை மூடினால் தலையில் அந்தப் பாரம் இருக்கும். அதனால்தான் மகளும் மகனும் இல்லாத வீட்டில் தன்னால் இருக்க முடிகிறது என்றார்.  இந்த மனுஷரை நன்றாகச் செதுக்க வேண்டும் என்று அங்கேயே செங்கொடி முடிவு செய்தாள்.

ஃப்ளோரன்ஸ் ஒரு போட்டோ கொடுத்தார். கோயில் திருவிழாவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, வலது கைப் பக்கம் மடித்துப் பின் குத்தியிருந்தது. இடது கை நெஞ்சின் மேல் விரித்து வைத்தபடி இருந்தது.

இந்த வேலையில் முதல் வருடப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம் ஒன்று உண்டு. பலகையில் இருப்பது காகிதத்தில் இடவலமாக மாறி விழும். அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் பலகையில் வரைய வேண்டும். எழுத்து இருந்தால் தப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். முகமாக இருந்தால் காட்டிக்கொடுக்காது. கௌசர் மேடம் தேதியை இரண்டு வாரம் முன்னால் நகர்த்தியிருந்த அந்த வாரத்தில், தூக்கமில்லாத கண்ணோடு, செங்கொடி போட்டோவைப் பலகைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு, பார்த்தது பார்த்தபடியே வரைந்துவிட்டாள். ஆறு வருடம் படித்தவள், எட்டு வருடம் செய்தவள். மூன்று வாரம் உட்கார்ந்து அந்தக் கையை விரல் விரலாகச் செதுக்கினாள். ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

முதல் பிரதியை ஓட்டிய அன்று, சக்கரம் அவ்வளவு லேசாகச் சுற்றியது.

இதுமாதிரி பிரஸ்ஸில் சக்கரத்தைச் சுற்ற, பலகை உருளைக்கடியில் நுழையும் இடத்தில் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். அங்கேதான் மூச்சு வாங்கும். அன்றைக்குச் சரியாக அந்த இடத்தில், மறுபக்கம் நின்று யாரோ ஒரு கை கொடுத்ததுபோலப் பாரம் குறைந்தது. நெல்சன் நல்ல வேலைக்காரன் என்று மனசுக்குள் மெச்சினாள். ரப்பர் கருகும் வாடை வந்தது. திருவொற்றியூரில் வாடை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. காற்று எண்ணூரிலிருந்து அடித்தால் ஒன்று, மணலியிலிருந்து அடித்தால் இன்னொன்று. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

எட்டுப் பிரதிகள் எடுத்தாள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டாள். எட்டில் ஒன்று, எட்டில் இரண்டு, இப்படி எட்டு வரை. எண் போடும்போதுதான் கறையைக் கவனித்தாள்.

வெள்ளை ஓரத்தில் மை படக்கூடாது என்பதற்காக, மடித்த காகிதத் துண்டால் இடுக்கிபோலப் பிடித்துத்தான் காகிதத்தைத் தூக்குவார்கள். அப்படித்தான் அவளும் தூக்கினாள். ஆனாலும் எட்டுப் பிரதியிலும், உருளையிலிருந்து வெளிவரும் பக்கத்து ஓரத்தில், முன்னால் ஒரு கட்டைவிரலும் பின்னால் நாலு விரலும் கறுப்பாக அப்பியிருந்தன. தன் இடது கையை வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. வலது கையை வைத்தாள். விரலுக்கு விரல் சரியாக உட்கார்ந்தது. ஒவ்வொன்றும் அவள் விரலைப்போல ஒன்றரை மடங்கு அகலம். ஆள்காட்டி விரலின் குறுக்கே மட்டும் மை படாத சாய்ந்த கோடு ஒன்று ஓடியது.

மை பரவியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, ஓரத்தை அரை அங்குலம் வெட்டிவிட்டாள்.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, தயிர்சோற்றில் ஐந்து விரல் அளைந்த தடம். தடத்தின் ஓரமெல்லாம் கறுப்பு. மூடி மூடியபடியே இருந்தது. அவள் பூனை என்று நினைக்க முயன்றாள். மூடியைத் திறந்து, தின்னாமல் அளைந்துவிட்டு, திரும்ப மூடிவிட்டுப் போகிற பூனை. சோற்றைக் கொட்டிவிட்டு அன்று பட்டினி கிடந்தாள்.

கௌசர் மேடம் மறுவாரம் காரில் வந்தார். சந்து முனையில் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வந்து, கஸ்பாரின் பிரிண்டைக் கிட்டப் போயும் தள்ளி நின்றும் பார்த்தார். பிறகு, கண்காட்சியின் முதல் சுவரில் இதுதான் என்றார். அழைப்பிதழிலும் இதுதான். எட்டில் ஒன்றை அன்றைக்கே கையோடு கொண்டுபோனார். செங்கொடி சந்தோஷத்தில் நெல்சனுக்கும் பட்டறைக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அழைப்பிதழ் வந்ததும் அவள் அப்பா பீம்ராவ், அதை வீட்டில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என் பொண்ணு போட்ட படம் என்று காட்டினார். அவர் அப்படிப் பெருமைப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

எட்டில் இரண்டை ஃப்ளோரன்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வெள்ளைத் துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து அதை மடியில் வைத்துப் பார்த்தார். நல்லா கீதும்மா என்றார்.  கிளம்பும்போது மீன் குழம்பு இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் போன் வந்தது. வந்துட்டுப் போம்மா என்று மட்டும் சொன்னார். 

கதவு திறந்தே இருந்தது. தையல் மிஷினில் துணி இல்லை. ஃப்ளோரன்ஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளில் பாதி ஆளாகியிருந்தார். வாயின் இரண்டு ஓரமும் கறுத்திருந்தது. மடியில் ஒரு கவுன், அதன் வெள்ளை நெஞ்சில் ஐந்து கறுப்பு விரல்கள். பிரிண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"இது எந்தக் கைம்மா?" என்று கேட்டார், பிரிண்டைத் திருப்பி, நெஞ்சின் மேல் விரித்திருந்த கையைக் காட்டி.

செங்கொடி பார்த்தாள். பக்கத்திலேயே போட்டோவும் இருந்தது. போட்டோவில் வலது கை இல்லை. பிரிண்டில் இடது கை இல்லை.

 பலகையில் படத்தைத் திருப்பிப் போடாமலே செதுக்கியிருந்தாள்.

"அவரு தலையில கைய வெக்கறது நின்னுபோச்சு," என்றார் ஃப்ளோரன்ஸ். சத்தம் கேட்டு யாராவது எழுந்துவிடுவார்கள் என்பதுபோல ரகசியமாகப் பேசினார். "நீ இத்த குடுத்த அன்னிலேர்ந்து. இப்ப வேற கை வருது."

"எங்க வருது ஆன்ட்டி?"

"வாய்க்கிட்ட."

வெளியே மீன் விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள். 

கண்ணசந்தால் போதும், உதட்டில் விரல் படுகிறது என்றார். வாயைத் திறக்கச் சொல்லி அழுத்துகிறது. கெட்டியாக மூடிக்கொண்டால் தாடையைப் பிடிக்கிறது. எழுந்து பார்த்தால் வாய் நிறையக் கறுப்பு. கொப்பளித்தால் ரப்பர் மணம். "நான் ஊட்னத அது திருப்பி ஊட்டுதும்மா. ஆனா அது அவரு இல்ல. அவரக் கல்லறையில வெச்சப்போ அந்தக் கை கூடப் போவல." கை மாட்டிய அன்றைக்கு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கை உருளையிலேயே இருந்தது. மறுநாள் ஷிப்ட் ஓட வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக வழித்துக் கழுவிவிட்டார்கள். "அது அந்த மிஷினோட கை. பதினாலு வருஷமா அதுக்கு வாய் இல்ல. யார் வாய் கெடச்சாலும் ஊட்டும்."

செங்கொடி கவுனில் இருந்த கறையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடு. கேட்கவே வேண்டாம் என்று இருந்தது, ஆனாலும் கஸ்பாரின் விரலில் அப்படி ஒரு தழும்பு உண்டா என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் காசிமேட்டில் மீன் வெட்டும்போது வெட்டிக்கொண்டது என்றார் ஃப்ளோரன்ஸ்.

நேராக நெல்சனிடம் போய், இது எந்த உருளை என்று கேட்டாள். அவன் பொய் சொல்லவில்லை, அதற்குத் தைரியமும் இல்லை. கம்பெனியிலிருந்து இரண்டு ஜோடி உருளை வந்தது, கஸ்பார் அண்ணன் கை போனது எதில் என்று ஸ்கிராப்காரனுக்கே தெரியாது, கடைந்து பாலிஷ் போட்டால் எல்லாம் இரும்புதானே என்று விட்டுவிட்டேன் என்றான்.  உருளை அவன் கொண்டுவந்தது. அதற்கு வலது கையோடு ஒரு ஆளைக் கொடுத்தது அவள்.

என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துபோனது. எட்டுப் பிரதியையும் எரிக்க வேண்டும். பலகையின் குறுக்கே உளியால் கீறி, இனி யாரும் அச்செடுக்க முடியாதபடி செய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கஸ்பாருக்கு அவருடைய இடது கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கும் வழி இருந்தது. மை காயாத பிரிண்டின் மேல் இன்னொரு வெள்ளைக் காகிதத்தை வைத்து ஓட்டினால், படம் மறுபடி இடவலமாகத் திரும்பி அதில் விழும். கொஞ்சம் மங்கலாக வரும். ஆனால் சரியான ஆளாக வரும்.

முதலில் கௌசர் மேடத்துக்குப் போன் செய்தாள். எட்டில் ஒன்று திரும்ப வேண்டும், படத்தில் தப்பு இருக்கிறது என்றாள். கௌசர் மேடம் பொறுமையாகக் கேட்டார். அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போயாகிவிட்டது, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது என்றார். "பயம் எல்லாருக்கும் வரும் செங்கொடி. முதல் ஷோவுக்கு முன்னாடி என்கிட்ட அழாத ஆர்ட்டிஸ்டே இல்ல. ஆனா இத எடுத்தா ஷோ இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். அப்பா சுவரில் ஒட்டிய அழைப்பிதழை யோசித்தாள். எட்டு வருடத்தை யோசித்தாள். சரி மேடம், அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்குப் பிரஸ் முன்னால் நின்றாள். மழை மூட்டம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வெளிச்சம் சாம்பலாக இருந்தது. பலகையில் கடைசி முறையாக மை தடவி ஒரு பிரதி எடுத்தாள். அதை அப்படியே தட்டில் மல்லாக்க வைத்து, மேலே புது ஈரக் காகிதம், அதன் மேல் உருளையின் அழுத்தம் சீராக விழுவதற்கான கம்பளி. சக்கரத்தைப் பிடித்தாள்.

கரண்ட் போனது.

ஃபேன் நின்றதும் ஷெட்டுக்குள் அதுவரை கேட்காத சத்தம் ஒன்று கேட்டது. இரும்பின் மேல் விரல் நகத்தால் தட்டுகிற சத்தம். மெதுவாக, பொறுமையாக. சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர் மேசையில் தட்டுவதுபோல.

அவள் சக்கரத்தைச் சுற்றினாள். அது நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள், தட்டு திடுக்கென்று உள்ளே ஓடி நின்றது. பாதி உள்ளே போன காகிதம் கோணலாக ஒதுங்கியது. இப்படியே ஓடினால் முகம் இழுபட்டுவிடும். சரி செய்யலாம் என்று சக்கரத்தை விட்டுவிட்டு முன்பக்கம் வந்து, காகிதத்தின் ஓரத்தை வலது கையால் பிடித்தாள்.

அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்தார்கள்.

காகிதத்தை அல்ல. அவள் விரல்களை.

நாலு விரலையும் சேர்த்து, குழந்தைக்குக் கைபிடித்து எழுதச் சொல்லித்தருவதுபோல, இறுக்கமாக. எண்ணெய்ப் பிசுக்கு. ஜில்லிப்பு. ரப்பர் கருகும் வாடை மூக்கை அடைத்தது.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

சக்கரத்தருகில் யாரும் இல்லை.

அவள் கத்தினாள் என்றுதான் நினைத்தாள். சத்தம் வரவில்லை. கம்பளி உருளைக்கடியில் அங்குலம் அங்குலமாகப் போனது. நடுவிரல் நுனி இரும்பைத் தொட்டது. நகம் நசுங்கியது. இந்தக் கை போனால் உளி பிடிக்க முடியாது என்ற நினைப்புதான் அப்போதும் வந்தது.

"கஸ்பார் அண்ணா," என்று முனகினாள்.

கம்பளிக்கடியில் படத்தின் நெஞ்சுப் பகுதி அந்த நேரம் உருளையைத் தாண்டியது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மேற்கையைப் பற்றியது. காய்ந்த கை. சூடான கை. ஒரே இழுப்பு. அவள் மல்லாந்து தரையில் விழுந்தாள். சக்கரம் அரைச்சுற்று பின்னால் போய் நின்றது. நகத்தால் தட்டும் சத்தமும் நின்றது.

ரொம்ப நேரம் அப்படியே கிடந்தாள். கரண்ட் வந்ததும் எழுந்து கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். மங்கலாக, ஓரத்தில் கொஞ்சம் கோணலாக, கஸ்பார் விழுந்திருந்தார். வலது பக்கம் சட்டை மடித்துப் பின் குத்தியிருந்தது. இடது கை நெஞ்சின் மேல் இருந்தது. அவள் மேற்கையில் ஐந்து விரல் பதிந்து சிவந்திருந்தது. மை இல்லை. இடது கைத் தடம். அது இரண்டு நாள் இருந்து மறைந்தது. மறைந்தபோது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வெளியே தார் டிரம்மில் மூன்று முதல் எட்டு வரையும், எண் போடாத அந்தக் கடைசிப் பிரதியையும் போட்டு எரித்தாள். பலகையின் குறுக்கே மூலைக்கு மூலை ஆழமாகக் கீறினாள். நெல்சன் உருளைகளைக் கழற்றிக்கொண்டுபோய், கடலில் கொட்டுகிற கல்லோடு சேர்த்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். மங்கலான சரியான பிரதியோடு ராயபுரம் போய், ஃப்ளோரன்ஸ் வைத்திருந்ததை வாங்கி அவர் கண்ணெதிரிலேயே எரித்தாள். ஃப்ளோரன்ஸ் சாம்பலை எட்டிப் பார்த்தார்.

"இதுல ரெண்டுன்னு போட்டு இருந்துச்சே. மீதி எல்லாம்?"

"எல்லாம் எரிச்சாச்சு ஆன்ட்டி. எட்டும் போச்சு."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சாம்பலைப் பார்த்தாள். ஒரு பொய்தானே. எட்டில் ஒன்று எங்கோ தெற்கே, கண்ணாடிக்குள், ஏசி அறையில் இருக்கிறது. ராயபுரத்துக்கும் அதற்கும் இருபது கிலோமீட்டர்.

நாலு நாளில் ஃப்ளோரன்ஸிடமிருந்து போன் வந்தது. மத்தியானம் கண்ணசந்தேன், தலையில் கை இருந்தது என்றார். அவருடையதுதான், இடது. வாயோரக் கறுப்பும் வெளுத்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன் என்று சொல்லி அழுதார். செங்கொடியும் அழுதாள். எல்லாம் முடிந்தது என்று நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள்.

கண்காட்சி நன்றாகவே நடந்தது. பீம்ராவ் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு படத்தின் முன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் சுவரில் கஸ்பார். செங்கொடி அந்தச் சுவர்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை கேலரி ஆள் அந்தக் கண்ணாடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கறை போகவில்லை என்றான். உள்பக்கம் இருக்கும்போல என்றான். மூன்றாம் நாள் படத்தை ஒரு டாக்டர் தம்பதி வாங்கிவிட்டார்கள் என்று கௌசர் மேடம் சொன்னார். யார் என்று செங்கொடி கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம், புது உருளைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கௌசர் மேடம் போன் செய்தார். சிரிப்பும் உற்சாகமுமாகப் பேசினார். அந்த டாக்டர் வீட்டில் படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார்களாம். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. வாயைத் திறக்காத பிள்ளை, ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் போராட வேண்டும்.

"அந்தப் படம் வந்ததுலேர்ந்து தட்டக் காலி பண்ணுதாம் செங்கொடி. அந்த மாமாதான் ஊட்டறாருன்னு படத்தக் காட்டுதாம். எவ்ளோ கியூட் பாருங்க. அவங்க அம்மா வீடியோல இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க, உங்களுக்கு அனுப்பறேன். ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னாங்க. அந்த மைல ரப்பர் வாசம் அடிக்குதாம், அது போக என்ன பண்ணணும்னு."

செங்கொடி விலாசம் கேட்டாள். விலாசம் எல்லாம் ஆர்ட்டிஸ்டுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று கௌசர் மேடம் சிரித்தார். எதற்கு என்று கேட்டார். படத்தில் தப்பு இருக்கிறது என்று மறுபடி ஆரம்பித்தாள். போன் கட்டானது.

படம் வந்தது.

பளபளவென்ற சாப்பாட்டு மேசை. உயர நாற்காலியில் ரெட்டைச் சடை போட்ட குழந்தை. முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் நிற்கிறவர் பக்கம் சாய்ந்து, வாயை அகலமாகத் திறந்திருந்தது. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. செங்கொடி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். வாயின் ஓரம் இரண்டும் கறுப்பு. தாடையில் ஒரு விரல் பதிந்த தடம், அதன் குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடு. கன்னம் உப்பியிருந்தது. தட்டில் சோறு பாதிதான் மிச்சம்.

குழந்தையின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.